யூடியூபர் வந்த அன்று உங்கள் மேஜை என்ன ஆச்சு? அனுபவத்தைச் சொல்லுங்கள்

வியாசர்பாடியிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். கோடை விடுமுறையில் எங்கள் ஏரியா சமுதாயக் கூடத்தில், பிள்ளைகள் கையால் செய்ததை எல்லாம் வைத்து ஒரு கண்காட்சி போட்டோம். பதினாலு மேஜை. ஆள் வரணுமே என்று ஒரு யூடியூபரையும் கூப்பிட்டோம். ஆள் வந்தது. அதுதான் வினை.

எங்கள் மேஜையில் இருந்தது போனால் ஓட்டுகிற கார், உள்ளே இஎஸ்பி32 என்கிற வைஃபை வைத்த குட்டிக் கணினி போர்டு. காலையெல்லாம் சமத்தாக ஓடியது. அவர் உள்ளே வந்த பத்தாவது நிமிஷம் படுத்துவிட்டது. பேட்டரி மாற்றினோம், வயரை ஆட்டிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அவரைச் சுற்றி எத்தனை போன்! பாதிப் பேர் ஹாட்ஸ்பாட் வேறு போட்டு லைவ் ஓட்டுகிறார்கள். எங்கள் காரும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைதான். அதில் ஒன்றை ஒன்று இடிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பூக்கடை பஸ்ஸில் ஏறின மாதிரி நெரிசல், காருக்கு எங்கே காது கேட்கும்?

ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் இரண்டு காலிங்பெல் சுவிட்சை நீள வயரில் கோர்த்து நேராக மோட்டாரில் மாட்டினான். அதற்குப் பிறகு அந்த மேஜையில் வரிசை கலையவே இல்லை.

அவரை வாசலிலேயே நிறுத்தியது எங்கள் தப்பு. கடைசி மூலையில் உட்கார வைத்திருந்தால், செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் பதினாலு மேஜையையும் தாண்டித்தானே போகணும்?

காசிமேட்டிலிருந்து:

எங்கப்பா படகு மெக்கானிக். நாங்கள் வைத்தது டீசல் நாசில், அதாவது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற முனை, அதைச் சோதிக்கிற கைப்பம்ப். நெம்புகோலை அழுத்தினால் அழுத்தம் காட்டுகிற முள் ஏறும். சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ பக்கத்தில் போனதும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம், டீசல் புகை மாதிரிப் பூக்கும். அதில் விரலை நீட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்பதால் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்திருந்தோம்.

வந்தவர் கேமராவைப் பார்த்தே பேசினார். நாலு நிமிஷம். பம்பைத் தொடவில்லை. "ஒரு தடவை அழுத்திப் பாருங்க தம்பி" என்று அப்பா சொன்னதற்கு, "கை கறையாயிடும்ணே" என்று சிரித்தார். அப்பா அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெரம்பூரிலிருந்து:

எல்லாரும் யூடியூபரையே திட்டுகிறீர்கள். அமெரிக்காவில் சான் மேட்டியோவில் 2006இல் மேக்கர் ஃபேர் என்கிற கைவினைஞர் கண்காட்சி தொடங்கியபோது மேஜைகள்தான் நட்சத்திரம், சரி. ஆனால் அதை நடத்திய நிறுவனம் 2019இல் பணமில்லாமல் நின்றுபோனது. 2023இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓபன் சாஸ் என்கிற அதே மாதிரிக் கண்காட்சியைத் தொடங்கியதே வில்லியம் ஆஸ்மன் என்கிற யூடியூபர்தான். அங்கேயும் மேஜைகள் இருக்கின்றன.

என் மகள் இங்கே கண்காட்சிக்கு வந்தது நம்ம ஊர் யூடியூபரைப் பார்க்கத்தான், பொய் சொல்ல மாட்டேன். அவரைச் சுற்றி நெருங்க முடியவில்லை. ஓரமாக ஒரு அக்கா, ஈயத்தை உருக்கி வயரை ஒட்டுகிற சால்டரிங் மேஜையில் ஈயோட்டிக்கொண்டிருந்தார், அங்கே போய் உட்கார்ந்தாள். சால்டரிங் அயன் முனையை ஈர ஸ்பாஞ்சில் துடைத்தால் 'சுர்'ரென்று சத்தம் வரும் இல்லையா, அதற்காகவே ஏழெட்டு தடவை துடைத்தாள். ஒரு எல்இடி விளக்கைச் சால்டர் செய்து எரிய விட்டுத்தான் எழுந்தாள்.

இப்போது வீட்டில் 25 வாட் அயன் ஒன்று இருக்கிறது. மிக்ஸியின் அடிமூடியைத்தான் மூன்று நாளாகக் காணோம்.