மறு: [கலைச்சொல்] ஈஸ்டர் எக்: முட்டையை விட்டுவிடலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கேமிலோ மென்பொருளிலோ எழுதியவர் ஒளித்துவைக்கும் சமாசாரத்தை ஆங்கிலத்தில் ஈஸ்டர் எக் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று தொடங்கிய மடலிழை மூன்று நாளாக முட்டையிலேயே நிற்கிறது. தொடக்ககால வீடியோ கேம் நிறுவனங்களைப் பற்றி நான் எழுதிவரும் கட்டுரையில் இந்தச் சொல் 11 இடத்தில் வருகிறது. அதனால்தான் இந்த நீண்ட மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மவுஸை எலி என்றோம், யாரும் செத்துப்போகவில்லை. ஈஸ்டர் எக்கை ஈஸ்டர் முட்டை என்பதில் என்ன குறை?

ஐயா, மவுஸ் பார்வைக்கு எலி மாதிரி இருந்தது, வாலும் இருந்தது. இங்கே முட்டை எங்கே இருக்கிறது? ஈஸ்டர் அன்று தோட்டத்தில் முட்டையை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடும் வழக்கம் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு முட்டை என்றால் கணக்குப் பரீட்சையில் வாங்குவது.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று பாருங்கள். அடாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனத்தில் வாரன் ராபினெட் தனியாளாக ‘அட்வென்ச்சர்’ என்ற கேமை எழுதினார். 1980-இல் வெளிவந்தது. கேட்ரிட்ஜ் (கேம் அடங்கிய, அடாரியின் விளையாட்டுப் பொறியில் செருகும் சிறு பெட்டி) ஒன்று 25 டாலர், பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 22,000 டாலர். அட்டையிலோ கையேட்டிலோ எழுதியவர் பெயர் வராது. அது அடாரியின் கொள்கை. பெயர் தெரிந்தால் மற்ற நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம்.

ராபினெட் என்ன செய்தார்? கறுப்புக் கோட்டைக்குள் நாலாபக்கமும் அடைத்த ஓர் அறை. கேமில் கையோடு எடுத்துப்போகக்கூடிய பாலம் ஒன்று உண்டு, அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாத்தினால்தான் உள்ளே நுழைய முடியும். அதற்குள் ஒரே ஒரு புள்ளி. சாம்பல் தரையில் சாம்பல் புள்ளி, கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் எடுக்க வேண்டும். அதை மஞ்சள் கோட்டைக்குப் பக்கத்திலுள்ள ஓர் அறைக்குச் சுமந்துவந்து, கூடவே வேறு இரண்டு பொருள்களையும் அங்கே போட்டால், ஓரத்துச் சுவர்க்கோடு விட்டுவிட்டு மினுங்கும். அந்தப் பொறியால் ஒரே நேரத்தில் அத்தனை பொருளையும் வரைய முடியாது, மாற்றி மாற்றித்தான் காட்டும். மினுங்கும் அந்தச் சுவர்க்கோட்டைத் தாண்டிப் போனால் அடுத்த அறையில், மேலிருந்து கீழாக, நிறம் மாறிக்கொண்டே எழுத்துகள்: ‘உருவாக்கியவர் வாரன் ராபினெட்’. கேட்ரிட்ஜில் மொத்தமே 4 கிலோபைட். அதில் ஏறக்குறைய 5 விழுக்காட்டை இந்தக் கையெழுத்துக்குச் செலவிட்டிருக்கிறார். அலுவலகத்தில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

அவர் வேலையை விட்டுப் போன பிறகு, விளையாடிய பையன் ஒருவன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். திருத்தும் வேலை பிராட் ஸ்டூவர்ட் என்ற நிரலரிடம் வந்தது. திருத்துவதென்றால் ‘திருத்தியவர் பிராட் ஸ்டூவர்ட்’ என்று மாற்றிவிடுவேன் என்றாராம். (எனக்குப் பிடித்த ஆள்!) கடைசியில் ஸ்டீவ் ரைட் என்ற மேலாளர்தான், இருக்கட்டும், ஈஸ்டர் முட்டை தேடுவதுபோல் பிள்ளைகள் தேடட்டும் என்றார். ஆக, செய்தவர் வைத்த பெயர் இல்லை இது. மேலிடம் சமாதானமான பிறகு வைத்த பெயர். அதை நாம் எதற்கு அப்படியே பெயர்த்துக்கொள்ள வேண்டும்?

> அப்படியானால் ‘முத்திரை’ என்றே சொல்லலாமே? கீர்த்தனையில் தீட்சிதர் தம் அடையாளமாக ‘குருகுஹ’ என்று வைப்பதும் இதுதானே?

அக்கா, நான் முதலில் எழுதிவைத்திருந்ததும் இதுதான். ஆனால் முத்திரை ஒளிவதில்லை. சம்பந்தரும் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரை ஊரறியத்தான் சொல்கிறார். கேம் உலகில் அதற்கு ஒப்பு ஆக்டிவிஷன் நிறுவனம். டேவிட் கிரேன், லாரி கேப்ளன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் நால்வரும் அடாரியை விட்டு வெளியேறி, ஜிம் லெவியோடு சேர்ந்து 1979-இல் தொடங்கியது. அடாரியின் பொறிக்கு வெளியார் கேம் எழுதியது அதுதான் முதல் தடவை. தொழிற்சாலையில் கேட்ரிட்ஜைப் பூட்டுகிறவரைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமில்லை என்று அடாரியின் தலைவர் ரே கஸார் சொன்னதாகக் கிரேன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். புது நிறுவனத்தில் வடிவமைத்தவர் பெயரைப் பெட்டியிலேயே அச்சிட்டார்கள். அது முத்திரை. ராபினெட் செய்தது முத்திரை மறுக்கப்பட்டவர் செய்வது. தவிர, பின்னால் வந்தவற்றில் பாதி பெயரே இல்லை, வெறும் வேடிக்கை. எனவே சொல்லின் வேர் ‘ஒளித்தல்’ ஆக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தண்டியலங்காரத்தில் சித்திரகவி வகைகளில் ‘கரந்துறைச் செய்யுள்’ உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும், முறை தெரிந்தவர் எடுத்துப் படிக்கலாம். நிரலுக்குள் ஒளிந்த நிரலுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் பரிந்துரை: கரந்துறை.

-----

மறு: மறு: [கலைச்சொல்] ஈஸ்டர் எக்

தம்பி, சித்திரகவியைத் தொட்டதற்கு மகிழ்ச்சி. ஆனால் ‘கரந்துறை’ அங்கே செய்யுளுக்கு அடையாக நிற்கிறது. பெயராகத் தனித்து நிற்க ‘கரந்துறைவு’ என்று முடியுங்கள். ‘கரப்பு’ என்று சுருக்கலாம் என நினைத்தேன். நிரலுக்குள் கரப்பு என்றால் பூச்சி (bug, அதாவது நிரல் பிழை) என்றுதான் படிப்பார்கள், அதற்கு வேறு இழை இருக்கிறது.

-----

மறு: மறு: மறு: [கலைச்சொல்] ஈஸ்டர் எக்

ஐயா, தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் எட்டாவது படிக்கும் என் மகனிடம் ‘கரந்துறைவு’ சொல்லிப் பார்த்தேன். “துறைமுகமாம்மா?” என்கிறான். ‘ஒளிவு மறைவு’ என்று தினமும் சொல்கிறோமே, அதில் பாதியை எடுத்துக்கொண்டால் என்ன? “இந்த கேம்ல ஒரு ஒளிவு இருக்கு, கண்டுபிடிச்சியா?” என்று கேட்டேன். உடனே “எந்த லெவல்ல?” என்றான்.

-----

மறு: மறு: மறு: மறு: [கலைச்சொல்] ஈஸ்டர் எக்

அக்கா, தோற்றேன். ‘எந்த லெவல்ல’ என்ற கேள்விக்கு முன்னால் தண்டியும் நிற்க முடியாது. ஒளி என்றால் வெளிச்சமும்தானே என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: திரையில் மினுங்குகிற சமாசாரத்துக்கு அந்தக் குழப்பம் கெடுதல் இல்லை.

நானும் பத்து வருடம் நிரல் எழுதியவன். ஒரு சம்பளப்பட்டியல் மென்பொருளில் மாறி (variable) ஒன்றுக்கு என் இனிஷியலையே பெயராக வைத்தேன். மறுவாரமே ஒருவர் அதை ‘தற்காலிகம்_2’ என்று மாற்றிவிட்டார். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு.

கட்டுரையில் 10 இடத்தில் ‘ஒளிவு’ என்று மாற்றிவிட்டேன். ராபினெட் வரும் பத்தியில் மட்டும் ‘ஒளிவுக் கையொப்பம்’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.