மறு: ஸ்பெக்ட்ரல் மியூசிக் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இந்த இழையை ஆரம்பித்தவன் நான்தான். பின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியஹோ பற்றி எழுதிவரும் கட்டுரைக்காக 'ஸ்பெக்ட்ரல் மியூசிக்' என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டேன். நீங்கள் அனுப்பிய சொற்களை எல்லாம் கட்டுரையில் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

> அலைக்கற்றை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல். அதையே இசைக்கும் வைத்துக்கொள்ளலாமே?

புழக்கம் உண்மைதான். ஆனால் தொலைத்தொடர்பு ஏலச் செய்திகளோடு அது ஒட்டிப்போய்விட்டது. அதைவிட முக்கியம், அலைக்கற்றை என்றால் பிரித்துக் கொடுக்கும் ஒரு பட்டை என்ற எண்ணம்தான் வருகிறது. நமக்கு வேண்டியது ஒரே சுரத்தின் வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்லும் சொல்.

> ஒலிமாலை எப்படி?

காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் பாமாலை, இசைமாலை என்று பக்திப் பாடல் தொகுப்புகளாகக் கேட்டுப் பழகியவர்கள் இதையும் அந்த வரிசையில்தான் வைப்பார்கள்.

> நிறமாலை மட்டும் வேண்டாம். நிறம் கண்ணுக்கு உரியது. காதுக்கு ஏது நிறம்?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். 1975-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜெரார் கிரிசே 'பார்சியேல்' என்ற படைப்பை எழுதினார். ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியின் தாழ்ந்த சுரம் ஒன்றை ஒலிப்பகுப்புக் கருவியில் பகுத்து, அதற்குள் எந்தெந்த மேற்சுரங்கள் (ஒரு சுரத்தோடு மெல்லச் சேர்ந்தொலிக்கும் உயர்ந்த சுரங்கள்) எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்று பார்த்தார். பிறகு அவற்றைப் பதினெட்டு இசைக்கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒரு சுரத்தின் உள்ளே இருந்தது மொத்தக் குழுவின் இசையாக விரிந்தது. இப்படிப்பட்ட இசையைத்தான் ஸ்பெக்ட்ரல் மியூசிக் என்கிறார்கள்.

தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மந்தர ஸட்ஜத்தை மீட்டிவிட்டு அமைதியாக இருந்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் என்ற சுரம் தானாக எழும். குதிரைமேல் (கம்பிகளைத் தாங்கும் கட்டைமேல்) கம்பிக்கு அடியில் கிடக்கும் ஜீவா நூலை ஒரு மயிரிழை நகர்த்திப் பாருங்கள். சுருதி மாறாது, ஆனால் ஒலி வேறாகிவிடும்: ஓரிடத்தில் மங்கல், ஓரிடத்தில் ரீங்காரம், சரியான இடம் கிடைத்ததும் பொன்போல ஒரு மினுக்கம். பாருங்கள், மங்கல், பொன், மினுக்கம் என்று எழுதிவிட்டேன். ஒலியைச் சொல்ல வந்தவன் கையில் கண்ணின் சொற்கள்தான் அகப்படுகின்றன. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் 'கிளாங்ஃபார்பே' என்ற சொல்லுக்கே 'ஒலியின் நிறம்' என்றுதான் பொருள். 'ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லும் ஒளியிலிருந்துதான் ஒலிக்கு வந்தது. அவர்கள் நடந்த அதே வழியில் நாமும் நடக்கலாம்.

சாரியஹோவைப் பொறுத்தவரை நிறத்தை விலக்கவே முடியாது. 1952-இல் ஹெல்சின்கியில் பிறந்தவர், சிபேலியஸ் இசை அகாடமிக்கு முன்பு ஓவியக் கலையும் படித்தவர். அகாடமியில் பாவோ ஹைனினெனிடம் படித்தபோது மாக்னுஸ் லிண்ட்பெர்க், எசா-பெக்கா சலோனன் முதலானோருடன் சேர்ந்து 1977-இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயர் 'கோர்வாத் அவுகி', அதாவது 'காதைத் திறந்து வை'. அப்புறம் ஜெர்மனியின் ஃபிரைபுர்க், 1982-இல் பாரிஸ். அங்கே இர்காம் இசை ஆய்வு நிலையத்தின் கணினிகளோடு வேலை செய்ய ஆரம்பித்தவர், கடைசிவரை பாரிஸ்வாசிதான். 2023 ஜூன் 2 அன்று அங்கேயே காலமானார்.

1984-இல் முடித்த 'ஃபெர்பிளெண்டுங்கன்' படைப்பின் முழு வடிவத்தையும் ஒரே ஒரு தூரிகை இழுப்பிலிருந்து எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். முதலில் அப்பிய வண்ணம், இழுக்க இழுக்க மெலிந்து, கடைசியில் மயிர்க்கோடுகளாகப் பிரிவது.

இன்னும் நெருக்கமான சான்று 1986-இல் வந்த 'லிஷ்ட்போகன்'. ஒன்பது கருவிகளும் மின்னணு ஒலியும். வடதுருவ வானத்தில் ஒளி அலையலையாக அசைவதைப் பார்த்ததிலிருந்து பிறந்த படைப்பு. அதன் சுரங்களோ செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற கருவியின் ஒலியைப் பகுத்ததில் கிடைத்தவை: கம்பியின்மேல் வில்லை அழுத்த அழுத்த, கண்ணாடிபோல இருந்த சுரம் விரிசல் விட்டு இரைச்சலாகும் அந்தக் கணங்கள். தலைப்பில் உள்ள 'லிஷ்ட்' என்றால் ஒளி, 'போகன்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு வளைவு என்றும் பொருள், வயலின் வில் என்றும் பொருள். தமிழில் இரண்டில் எதையும் விட வேண்டியதே இல்லை. வானவில்லும் வில், வயலின் வில்லும் வில். 'ஒளிவில்' என்று எழுதினால் இரண்டும் வந்துவிடுகின்றன. இது தோன்றிய அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

ஆகவே என் பரிந்துரை: பள்ளியில் 'ஒலியின் தரம்' என்று படித்ததை இசைக் கட்டுரைகளில் 'ஒலிநிறம்' என்று எழுதுவோம். தரம் என்றால் உயர்வு தாழ்வு வந்துவிடுகிறது. குழலும் நாகசுரமும் தரத்தில் வேறுபடுவதில்லை, நிறத்தில்தான். ஒலிநிறம் நிலைத்துவிட்டால் 'நிறமாலை இசை' என்பதற்குத் தனி விளக்கமே வேண்டாம்.

> தெளிந்த சுரம், இரைச்சல் என்று சாரியஹோ சொல்லும் இன்னொரு கருத்துக்குச் சிலப்பதிகார உரையில் உள்ள இணை, பகை என்ற சொற்களையே எடுத்துக்கொள்ளலாம் ஐயா.

ஐயா, அந்தச் சொற்கள்மீது எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இங்கே பொருந்தவில்லை. இணை, கிளை, பகை, நட்பு நான்கும் ஒரு சுரத்துக்கும் மற்றொரு சுரத்துக்கும் உள்ள உறவைச் சொல்பவை. மேற்கத்திய இசையில் இழுவிசையும் தணிவும் அந்த உறவிலிருந்துதான் பிறந்தன. சாரியஹோ 1987-இல் வெளியான ஒரு கட்டுரையில் அந்த வேலையை ஒலிநிறத்திடம் ஒப்படைக்கிறார். முரண் இருந்த இடத்தில் இரைச்சல், இசைவு இருந்த இடத்தில் தெளிந்த சுரம். குழலின் தாழ்ந்த சுரத்தில் கலந்த மூச்சும் குதிரையோரம் உரசும் வில்லும் ஒரு முனை, மணியோசை மறுமுனை. ஒரே சுரத்துக்குள்ளேயே பயணம் நடந்துவிடுகிறது, இன்னொரு சுரம் வந்து பகைக்கத் தேவையில்லை. இதை 'சுர–இரைச்சல் அச்சு' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வரியிலேயே வழுவழுப்பு, சொரசொரப்பு என்று விளக்கிவிட்டேன். அவரும் அப்படித்தான் தொட்டுப் பார்க்கிற சொற்களால் விளக்குகிறார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கட்டுரையின் முதல் வரியிலேயே அவரை 'நிறமாலை இசையமைப்பாளர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த இசைப் போக்கிலிருந்து கற்றார், அதற்குள் அடங்கிவிடவில்லை. 2000-இல் சால்ஸ்பர்கில் அரங்கேறிய 'லாமூர் து லுவான்' ஓபராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்திராத பெண்மேல் காதல் கொண்டு கடல் கடந்து போகும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞனின் கதை, பாடல் வரிகளை எழுதியவர் அமீன் மாலூஃப். காணாமலே கொண்ட அன்பு என்றதும் நமக்குப் பிசிராந்தையார் நினைவு வரும். அதில் நீண்டு போகும் பாட்டு வரிகள் இருக்கின்றன, நிறமாலைப் பகுப்பை மட்டும் வைத்து அவற்றைச் சொல்லிவிட முடியாது. 2016-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அதை மேடையேற்றியது. 1903-க்குப் பிறகு அந்த அரங்கில் ஏறிய, ஒரு பெண் இசையமைத்த முதல் ஓபரா அதுதான். 2021-இல் வந்த 'இன்னொசென்ஸ்' பள்ளித் துப்பாக்கிச்சூடு ஒன்றின் வடுவைப் பல மொழிகளில் பேசுகிறது. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

பெயர் எழுத்துக்கூட்டலையும் ஒருவர் கேட்டிருந்தார். ஃபின்னிய மொழியில் 'சாரி' என்றால் தீவு, 'அஹோ' என்றால் காட்டின் நடுவே உள்ள திறந்த வெளி. இரண்டும் சேரும்போது நம் இலக்கணப்படி யகர உடம்படுமெய் வந்து சாரியஹோ. அதனால்தான் நெடில் போடவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம், கர்நாடக இசை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். சாரியஹோவின் 'து கிரிஸ்தால்' என்ற படைப்பின் முடிவில் செல்லோ பக்கத்துச் சுரம் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக வாசித்துக்கொண்டே மங்குகிறது. அடுத்த படைப்பான 'அ லா ஃப்யூமே' அதே நடுக்கத்தில்தான் தொடங்குகிறது. அந்த 'ட்ரில்'லைக் கம்பிதம் (சுரத்தை அசைத்துப் பாடும் ஒரு கமகம்) என்று எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா, இல்லை கம்பிதத்தின் அசைவு வேறு என்பீர்களா?