தாயில்லா யானைக்குட்டிக்குப் பசும்பால் ஏன் ஆகாது?

கூடலூர்வாசி: தெப்பக்காடு முகாமில் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பதைப் பார்த்தேன். ஊரெல்லாம் மாடு இருக்க, பவுடரைக் கரைக்கிறார்களே, ஏன்?

மாட்டு டாக்டர்: பசும்பால் கொழுப்பு அதுக்குச் செரிக்காதுங்க, கழிச்சல் பிடுங்கும். அதில் குட்டி செத்தும் போகலாம். யானைப்பால் கொழுப்பில் பெரும்பங்கு கேப்ரிக், லாரிக் என்கிற கொழுப்பு அமிலங்கள். தேங்காயெண்ணெயிலும் லாரிக் நிறைய. கென்யாவில் தாயில்லா யானைக்குட்டிகளை வளர்த்த டாஃப்னே ஷெல்ட்ரிக் பல குட்டிகளைப் பறிகொடுத்த பிறகு, தேங்காயெண்ணெய் சேர்ந்த பவுடரில்தான் வழி கண்டார். குட்டி வளர வளர தாய்ப்பாலில் கொழுப்பு கூடும், சர்க்கரை குறையும். அதனால் கலவையையும் மாற்றணும்.

கூடலூர்வாசி: எத்தனை வேளை?

மாட்டு டாக்டர்: பிறந்த புதிதில் ராப்பகல் பார்க்காமல் இரண்டு மூன்று மணிக்கொருதரம். குடிக்கும்போது தும்பிக்கையை ஆள் தோளிலோ தொங்கும் போர்வையிலோ சாய்க்க விடணும், அப்போதுதான் நிம்மதியாக உறிஞ்சும். பெரிய யானையின் லத்தியைக் குட்டி தின்றால் தடுக்காதீங்க. தழை செரிக்கும் கிருமி அதிலிருந்துதான் வரும்.