புதுப்பிப்பு: அம்மாவின் காது ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்

அம்மாவுக்கு வலது செவிப்பறையில் ஓட்டை, வருஷக்கணக்காகச் சீழ் வடிகிறது, எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) வழியாக அடைக்கலாம் என்கிறார்கள், 58 வயதில் செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செய்துவிட்டோம்.

காதுக்குப் பின்னால் வெட்டவில்லை, முடி மழிக்கவில்லை. காதுத் துளை வழியாகவே எண்டோஸ்கோப்பை விட்டு, காது வாசலில் இருக்கும் சின்ன மேட்டிலிருந்து குருத்தெலும்பு எடுத்து ஓட்டையை மூடினார்கள். மறுநாளே வீடு.

சிரமம் அதற்கப்புறம்தான். உள்ளே வைத்த ஜெல் பஞ்சு கரையும்வரை காது அடைத்தே கிடந்தது. "முன்னைவிட மோசமாயிடுச்சோ" என்று அம்மா ஒரு ராத்திரி அழுதார். நாக்கின் வலது பக்கம் ஆறு வாரம் இரும்பு ருசி. ருசி நரம்பு ஒன்று செவிப்பறையை ஒட்டியே ஓடுகிறது, ஆபரேஷனில் அது கொஞ்சம் இழுபட்டாலே இப்படி ஆகுமாம். இதை முன்பே எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆறு வாரமும் ரசத்தில் உப்புப் பார்க்க அம்மா என்னைத்தான் கூப்பிட்டார்.

நேற்று ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்தோம். கேட்க எவ்வளவு சத்தம் வேண்டும் என்ற அளவு, 45 டெசிபல் இருந்தது 25க்கு இறங்கியிருக்கிறது; இது குறையக் குறைய நல்லது. அதைவிட எனக்குப் பெரிய நிம்மதி, தலையணைமேல் விரிக்கும் துண்டு இப்போது தேவைப்படவில்லை. போன வாரம் காதில் பஞ்சு இல்லாமல் கல்யாணத்துக்குப் போய்வந்தார். தலைக்குக் குளிக்கும்போது மட்டும் வாஸ்லின் தடவிய பஞ்சு வைக்கிறோம். கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்பது இன்னும் கஷ்டம்தான்.

இன்று காலை சமையலறையிலிருந்து, "பால்காரர் மணி அடிக்கிறார், போய் வாங்கு" என்றார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்குக் கேட்டுவிட்டது.