யாழ்ப்பாணம் முதல் பஸ்தர் வரை: எந்த ஆயுதம் வேலைக்கு ஆனது? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வேலூர் ஹவில்தார்

87 அக்டோபர், ஆபரேஷன் பவன், அதாவது புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இந்திய அமைதிப்படை நடத்திய சண்டை. பலாலி விமானத்தளத்திலிருந்து யாழ்ப்பாண டவுனை நோக்கிப் படை நகர்ந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன். எங்கள் வரிசையில் முன்னால் ஒரு மூன்று டன் சக்திமான், பின்னால் ஜீப்பில் டாங்கியை அடிக்கும் 106 மி.மீ. ஆர்சிஎல் பீரங்கி. வழியில் ஒரு சின்ன மதகு. முன்னால் நடந்த ஆட்கள் தாண்டிவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. லாரி ஏறியதும் வெடித்தது.

அந்த ஊர் மண்ணுக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். வெடித்த பிறகும் வெள்ளைப் பொடி இறங்கிக்கொண்டே இருந்தது. புருவம், மீசை, துப்பாக்கி எல்லாம் வெள்ளை. யார் யார் என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆர்சிஎல்காரர் குழலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார். சுடுவதற்கு எதிரே ஒரு ஆள் இல்லை. ஒயர் பனங்காட்டுக்குள் போனது. அதன் மறுமுனையில் யாரும் இல்லை.

நடந்து போனவர்களை விட்டுவிட்டு லாரிக்காகக் காத்திருந்தானே, அந்தப் பொறுமை இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. 83 ஜூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இலங்கை ராணுவத்தினர் செத்ததும் கண்ணிவெடியில் ஆரம்பித்ததுதான். என்னைக் கேட்டால் அந்தப் போரின் முதல் ஆயுதம் அதுதான்.

மெட்ராஸ் சிப்பாய்

ஹவில்தார் சார், முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு உறுத்துவது நம் கையில் இருந்த எஸ்எல்ஆர் துப்பாக்கி. ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், மேகசினில் 20 குண்டு. திறந்த வெளியில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்து ஒழுங்கை, அந்தச் சந்து, உங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் கிடுகு என்கிற தென்னோலை வேலி, கையை விரித்தால் இடிக்கும். திரும்பும் இடத்தில் என் குழல் முனை வேலிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுக்கிறேன், ஓலை கிழிகிறது, துப்பாக்கி வரவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பையன், சாரமும் சட்டையும், கையில் ஏகே. அவன் இடுப்பிலிருந்தே சுட்டுவிட்டு வேலி ஓட்டை வழியாகப் போய்விட்டான். என் பக்கத்தில் நின்றவர் விழுந்தார். பிறகு நம் ஆட்கள் சிலர் கையிலும் ஏகே வந்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

இன்னொன்று. பெரிய ஆயுதம் எல்லாம் வீண் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் அக்டோபர் 11 ராத்திரி ஹெலிகாப்டரில் இறங்கிய சீக் லைட் இன்ஃபன்ட்ரி 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அதே இடத்தில் மாட்டிக்கொண்ட பாரா கமாண்டோக்கள் எப்படி வெளியே வந்தார்கள்? மேஜர் அனில் கௌல் டி-72 டாங்கிகளை ரயில் பாதை மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். ரோட்டில் கண்ணிவெடி இருக்கும், தண்டவாளத்தில் எதிர்பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கு. டாங்கி இல்லையென்றால் அவர்கள் கதையும் முடிந்திருக்கும்.

வேலூர் ஹவில்தார்

தம்பி, நீங்கள் சொல்வதே என் பேச்சுக்குச் சாட்சி. டாங்கியே ரோட்டை விட்டு இறங்கிப் போக வேண்டி வந்தது.

வன்னியாள்

ஐயாமார் இரண்டு பேரும் எது வேலை செய்தது என்று கதைக்கிறீர்கள். நாங்கள் வேலிக்கு உள்பக்கம் இருந்த சனம். நான் எழுத வந்தது 2009, வன்னியில் நடந்த கடைசிப் போர் பற்றி.

கிபிர் போர் விமானம் வந்தால் சத்தம் இடி மாதிரி, பங்கருக்குள் பாய்ந்துவிடுவோம். குண்டைப் போட்டுவிட்டு அது போய்விடும். ஆனால் ஆளில்லா வேவு விமானம், நாங்கள் வண்டு என்று சொல்வோம், அது போகாது. ராத்திரி முழுக்க மேலே ஙொய் என்று ஒரே இரைச்சல். குண்டு போடாது, சும்மா சுற்றும். ஒருநாள் அம்மா தம்பிக்குப் பால் கரைக்க அடுப்பு மூட்டினா. அப்பா ஓடிவந்து மண்ணை அள்ளி அடுப்பில் போட்டார், பால் கேத்திலும் மண்ணுக்குள் போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தம்பி அழுத சத்தத்துக்கும் அப்பா அவன் வாயைப் பொத்தினார், மேலே இருப்பதற்குக் கேட்கும் என்று பயந்து. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தடியில் ஷெல் விழுந்தது.

ஷெல் அடிக்கும் ஆட்லறி எத்தனையோ வருசமாக இருந்ததுதான். அதற்குக் கண் வைத்தது வண்டு. இப்போது கலியாண வீட்டில் படம் எடுக்க ட்ரோன் விட்டாலும் நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

முகமாலை ரேக்

நான் கிளிநொச்சி, மிதிவெடி அகற்றும் வேலை. அக்கா எழுதியதை வாசித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முகமாலை போர் முன்னரங்காக இருந்த இடம், ராணுவம், புலிகள் இரண்டு பக்கமும் மிதிவெடி புதைத்த நிலம். ராணுவம் வைத்த பி4 மிதிவெடி பிளாஸ்டிக், உள்ளே இரும்பு மிகக் குறைவு, டிடெக்டரை முழுசாக நம்ப ஏலாது. அதனால்தான் ரேக்கால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுரண்டி எடுக்கிறோம். புலிகளின் ஜொனி மிதிவெடி மரப்பெட்டி. ஒருமுறை மண்ணை விலக்கினேன், பெட்டியைக் கறையான் முழுக்கத் தின்றுவிட்டது, பலகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே வெடிமருந்து மட்டும் பெட்டியின் வடிவத்திலேயே இருந்தது. அதை வைத்தவர் உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. நிலத்துக்கு அது தெரியாதே.

பஸ்தர் திரும்பியவன்

சிஆர்பிஎஃப், ஓய்வு பெற்றவன், சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக இருந்தவன். என் கதை சின்னது. காட்டுப் பாதையில் காய்ந்த இலை மேல் கால் வைத்தேன், உள்ளே குழி, குழியில் கூர் தீட்டிய இரும்புக் கம்பி. பூட்ஸைத் துளைத்து மேலே வந்து நின்றது. வெடிமருந்து இல்லை, துப்பாக்கி இல்லை. என்னைத் தூக்க நான்கு பேர், அவர்களுக்குக் காவல் இன்னும் பலர். ஒரு கம்பி ஒரு பிளாட்டூனை நிறுத்தியது.

படையில் சேரப்போகும் பிள்ளைகள் இதைப் படித்தால் கொஞ்சம் கேளுங்கள். எம்பிவி, அதாவது கண்ணிவெடியைத் தாங்கும் வண்டி, கொடுத்தால் உயிர் பத்திரம் என்று நினைக்காதீர்கள். அடிப்பாகம் வி வடிவத்தில் இருப்பது வெடியின் வேகத்தை இரண்டு பக்கமும் சிதறடிக்கத்தான், அதற்கு ஒரு அளவு உண்டு. அளவுக்கு மேல் வெடிமருந்தைப் புதைத்தால் வண்டியே தூக்கி எறியப்படும். 2018 மார்ச் 13இல் சுக்மாவின் கிஸ்டாராம் பக்கம் எம்பிவியில் போன 9 பேர் செத்தார்கள். போன வழியில் திரும்பாதீர்கள். தூரம் அதிகம், வெயில் அதிகம் என்று காட்டை விட்டுப் பாதைக்கு இறங்காதீர்கள். புதிதாகத் தார் போட்ட இடம், புதிதாக மண் நிரவிய இடம் என்றால் நில்லுங்கள். பள்ளிக்கூடத் திண்ணை, கை பம்பு என்று நிழலும் தண்ணீரும் கிடைக்கும் இடத்தில்தான் களைத்தவன் உட்காருவான், அது எதிராளிக்கும் தெரியும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள், மலேரியாவில் விழுந்தவனையும் நான்கு பேர்தான் தூக்க வேண்டும். ஊர்க்காரர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். எங்கே கால் வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

மெட்ராஸ் சிப்பாய்

பஸ்தர் சார், கடைசியில் சொன்னது சரி. ஆனால் 87இல் எங்களிடம் எந்த ஊர்க்காரர் வந்து சொல்வார்? சொன்னால் ராத்திரியே அவர் கதி என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

வன்னியாள்

தெரிந்தாலும் சொல்ல ஏலாது, அண்ணை. இரண்டு பக்கத்துக்கும் பயம். முகமாலைத் தங்கச்சி, எங்கட காணி பளைப் பக்கம், வடக்கு மூலையில் இன்னும் மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை நிற்கிறது. அங்கே எப்போது வருவீர்கள் என்று யாரிடம் கேட்பது?