புறாத்தீவில் கண்ட நீலக்கோட்டு மீன்

தங்கச்சி (பேராதனை): அண்ணா, நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவில் தண்ணீருக்குள் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். கரிய உடலில் இரண்டு நீலக் கோடுகள் ஓடும் இந்தச் சிறிய மீனைத் துப்புரவு மீன் என்று படகுக்காரர் சொன்னார். ஆனால் அது பெரிய மீனொன்றின் செதிலைக் கடித்துக்கொண்டு ஓடியதை நான் கண்ணால் கண்டேன்.

அண்ணன் (ஹட்டன்): படகுக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, பெரிய மீன்களே அதனிடம் ஏமாறுகின்றன. இது நீலக்கோட்டுப் பிளென்னி. துப்புரவு மீனின் குஞ்சும் கறுப்பும் நீலமுமாகத்தான் இருக்கும். அது ஒட்டுண்ணிகளைத் தின்ன வருகிறது என்று நம்பி மீன்கள் அசையாமல் நிற்கும் வேளையில், அதே வேடத்தில் வரும் பிளென்னி செதிலையோ தோலையோ கவ்விக்கொண்டு மறைந்துவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கி வாயைப் பார். துப்புரவு மீனுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், இதற்கோ முகத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

அத்தை (தலவாக்கலை): அதற்கு விஷம் உண்டா, தம்பி? பிள்ளை பக்கத்தில் போயிருக்கிறாளே.

அண்ணன் (ஹட்டன்): இதற்கு இல்லை, அத்தை. இதன் உறவினமான மெயகாந்தஸ் பிளென்னிகளுக்குத்தான் கீழ்த்தாடைக் கோரைப்பற்களின் அடியில் நச்சுச் சுரப்பிகள் உள்ளன. அந்த நஞ்சில் அபினைப் போல வேலை செய்யும் பொருளும் இருப்பதாகவும், அது வலியை உண்டாக்குவதைவிட இரத்த அழுத்தத்தையே குறைப்பதாகவும் 2017 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அத்தை (தலவாக்கலை): அப்படியானால் மலையில் கொழுந்து பறிக்கும்போது அட்டை கடிப்பதைப் போல என்று சொல்.

அண்ணன் (ஹட்டன்): வலி தெரியாத மட்டில் சரி, அத்தை. ஆனால் மெயகாந்தஸ் கடிப்பது தற்காப்புக்காகத்தான். விழுங்கிய மீனின் வாய்க்குள்ளேயே அது கடித்துவிடுவதால், அந்த மீன் வாயைப் பிளந்து அதைத் துப்பிவிடுகிறது.

மாமா (பண்டாரவளை): பிளென்னிக் கூட்டமே இப்படித்தானா?

அண்ணன் (ஹட்டன்): இல்லை, மாமா. ஏறத்தாழ 400 இனங்களில் பல, சீப்புப் போன்ற பற்களால் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் சாதுக்கள். பொந்தில் இடப்பட்ட முட்டைகளைப் பெரும்பாலும் ஆண் மீனே காவல் காக்கும். ஆகஸ்டில் நீங்கள் போகும்போது முருகைக்கல்லிலுள்ள புழுத்துளைகளை உற்றுப் பாருங்கள். நீலக்கோட்டுக்காரனும் அவற்றில்தான் உடலை மறைத்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பான்.