காளைக்கன்றுகளுக்குக் காயடித்தல்: வளையமா, இடுக்கியா, கத்தியா?

கேள்வி: கன்றுக்கொட்டில்

வணக்கம். எங்கள் பண்ணையில் கிடேரிகளும் காளைக்கன்றுகளும் ஒன்றாகவே மேய்கின்றன. இனப்பெருக்கத்துக்கான பொலிகாளையாக வைத்துக்கொள்ளாத கன்றுகளுக்கெல்லாம் காயடித்துவிட வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்த முறையில் என்பதில்தான் இழுபறி. சில கன்றுகள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாதவை, சில இரண்டு மூன்று மாதத்தவை, இரண்டு கன்றுகள் ஏழு மாதத்தைத் தாண்டி இப்போதே கிடேரிகளின் மேல் தாவத் தொடங்கிவிட்டன. ரப்பர் வளையம் போட்டால் இரத்தமே வராது என்கிறார் ஒருவர். தோலை வெட்டாமல் உள்ளே நசுக்கும் பர்டிசோ இடுக்கியே போதும் என்கிறார் இன்னொருவர். கத்தியால் அறுத்து எடுத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமிருக்காது என்கிறார் மூன்றாமவர். எல்லாக் கன்றுகளுக்கும் ஒரே நாளில், ஒரே முறையில் முடித்துவிட இயலுமா? கொம்புக் குருத்தைச் சுடுவதையும் அன்றே சேர்த்துக்கொள்ளலாமா? வலியைக் குறைக்க என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1: கால்நடை மருத்துவன்

ஒரே நாளில் முடிக்கலாம். ஒரே முறையில் முடிக்க இயலாது. தங்களிடம் மூன்று வயதுப் பிரிவுகள் இருப்பதால், கன்றின் வயதுதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

முறை எதுவானாலும் முதலில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். விரைப்பையின் கழுத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி உருவினால் இரண்டு விரைகளும் தனித்தனியே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கன்று மிரண்டிருந்தாலோ குளிராக இருந்தாலோ விரை மேலே ஏறிக்கொள்ளும். அப்போது சற்றுப் பொறுத்து மீண்டும் பாருங்கள். விரைப்பை வழக்கத்துக்கு மாறாகப் பெருத்து, அழுத்தினால் உள்ளிருப்பது வயிற்றுக்குள் நழுவிப் போவதாக உணர்ந்தால், அது குடலிறக்கமாக இருக்கக்கூடும். அந்தக் கன்றுக்கு வளையம் போட்டாலும் கத்தி வைத்தாலும் குடலே சிக்கிக் கன்று இறந்துபோகும் என்பதால், அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு வாரத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு ரப்பர் வளையம் பொருத்தமானது. நான்கு முனைகொண்ட இடுக்கியால் வளையத்தை விரித்து, இரண்டு விரைகளும் அதற்குக் கீழே வந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, விரைப்பையின் கழுத்தில் நழுவவிட வேண்டும். விரைப்பைக்கு முன்னால் இருக்கும் சிறு காம்புகள் வளையத்துக்குள் அகப்பட்டுவிடக் கூடாது. இரத்த ஓட்டம் நின்று, விரைப்பை சுருங்கிக் காய்ந்து, சில வாரங்களில் தானே விழுந்துவிடும். இரத்தம் வராது என்பது உண்மைதான். ஆயினும் இரத்தம் வராததை வைத்து வலியில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய கன்றுகளுக்கு வளையம் போட்டால் அந்த இடம் வாரக்கணக்கில் புண்ணாகவே இருந்து வலித்துக்கொண்டிருக்கும். பிரிட்டனில் மரப்பு ஊசி இல்லாமல் வளையம் போடுவதற்கு முதல் 7 நாள்களை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. 2 மாதத்தைக் கடந்த கன்றுக்கு எந்த முறையானாலும் மரப்பு ஊசி போட்டு மருத்துவரே செய்ய வேண்டும். தங்கள் ஊரில் சட்டம் எப்படியிருந்தாலும் அந்த எல்லை நியாயமானது என்பது என் கருத்து.

வளையத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. செத்துக்கொண்டிருக்கும் தசையில் காற்றுப் புகாததால் இரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி அங்கே எளிதில் பெருகும். தாய்ப்பசுவுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்து, கன்று வேளையோடு சீம்பாலும் குடித்திருந்தால் ஓரளவு பாதுகாப்பு இருக்கும். அது இல்லையெனில் உடனடிப் பாதுகாப்புத் தரும் எதிர்நச்சு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அன்றைக்கே போடும் தடுப்பூசி அன்றைக்கே காப்பாற்றாது.

ஏழு மாதத்துக் கன்றுகள் இரண்டுக்கும் அறுவைதான், அதுவும் மருத்துவர் கையால். விரையிலும் விரைப்பைத் தோலிலும் லிடோகைன் என்னும் மரப்பு மருந்தைப் போட்டு, மரத்துப்போகும் வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பலர் இந்தக் காத்திருப்பைத்தான் தவறவிடுகிறார்கள். மரப்பு ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும் என்பதால் மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தும் உடன் கொடுக்கப்பட வேண்டும். சிறு கன்றுகளுக்கும் இவ்விரண்டையும் கொடுப்பதே முறை.

கொம்புக் குருத்தைப் பொறுத்தவரை, மரப்பும் வலி மருந்தும் கொடுத்திருந்தால் ஒரே பிடியில் முடிப்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பால் மறக்கடிப்பதையோ வண்டியில் ஏற்றி அனுப்புவதையோ அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தாவத் தொடங்கிய அந்த இரண்டையும் இன்றே கிடேரிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். பருவத்துக்கு வந்த கிடேரிகள் இருந்தால் சினைப் பரிசோதனையும் தேவைப்படும். காயடித்த பின்னரும் விந்து நாளத்தில் விந்தணு சில வாரம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் உடனே ஒன்றாக மேயவிடக் கூடாது.

மறுமொழி 2: பழைய தொழுவம்

மருத்துவர் ஐயா பர்டிசோவைப் பற்றிப் பேசவே இல்லை; இரண்டு மூன்று மாதக் கன்றுகளுக்கு அதுதான் என் தேர்வு. நெப்போலியோனே பர்டிசோ என்ற இத்தாலியக் கால்நடை மருத்துவர் வடிவமைத்த இந்த இடுக்கி, தோலை வெட்டாமல், விரையைத் தாங்கி அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாணை மட்டும் உள்ளே நசுக்குகிறது. விரைக்குச் செல்லும் இரத்தம் நின்று, விரை உள்ளேயே சுருங்கிவிடும். திறந்த புண் இல்லாததால் ஈ மொய்த்துப் புழு வைக்கும் அச்சமும் இல்லை.

எனினும் இதில் பக்குவம் வேண்டும். நாண் தோலுக்குள் வழுக்கிக்கொண்டே இருக்கும் என்பதால், அதைப் பையின் வெளி ஓரத்துக்குத் தள்ளி, விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் இடுக்கியை மூட வேண்டும். மூடிய நிலையில் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, திறந்தவுடன் ஒரு விரற்கடை கீழே மீண்டும் ஒருமுறை நசுக்க வேண்டும். பிறகு மறுபக்கம். இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒன்றுக்கொன்று நேராக அமையாமல் மேலும் கீழுமாக விலகியிருக்க வேண்டும். நடுவில் நசுங்காத தோல் கட்டாயம் இருக்க வேண்டும். பையை ஒரே கடியாகக் குறுக்கே நசுக்கினால் தோலுக்கும் இரத்தம் போகாமல் பை முழுவதும் அழுகிவிடும்.

கருவியையும் சோதித்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய அட்டைகளுக்கு நடுவே ஒரு நூலை வைத்து இடுக்கியை மூடினால், நூல் அறுபட வேண்டும், அட்டை கிழியக் கூடாது. நூல் அறாவிட்டால் தாடை தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் வேலை முடிந்ததும் தாடையைத் திறந்த நிலையிலேயே எடுத்து வைக்கச் சொல்வார்கள்.

மறுமொழி 3: மேய்ச்சல்

பர்டிசோவின் குறையைப் பழைய தொழுவம் அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒரு பக்கத்து நாண் நழுவியிருந்தால் அன்றைக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வீங்கும். ஆறு வாரம் கழித்து ஒவ்வொரு கன்றையும் மீண்டும் பிடித்துத் தடவிப் பார்க்காத பண்ணையில் அந்த இடுக்கி இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல்.

கத்தியில் இந்தச் சந்தேகம் கிடையாது. வெளியே எடுத்த விரையை எண்ணிப் பார்த்துவிடலாம். விரைப்பையின் அடிப்பகுதியைத் தாராளமாகத் திறந்து, தையல் போடாமல் விட வேண்டும். சிறிய வாயாகத் திறந்தால் நீர் வடியாமல் உள்ளேயே தேங்கிச் சீழ் பிடிக்கும். வளர்ந்த கன்றின் நாணை வெறுமனே அறுத்தால் இரத்தம் நிற்காது என்பதால், நசுக்கிக்கொண்டே அறுக்கும் இடுக்கியைப் பயன்படுத்துவார்கள். அதன் நசுக்கும் பக்கம் உடலை ஒட்டியும் அறுக்கும் பக்கம் விரையை ஒட்டியும் இருக்க வேண்டும். திருப்பிப் பிடித்துவிட்டால் நசுங்கிய பகுதி விரையோடு போய்விடும், உடலோடு நிற்கும் நாண் திறந்தே இருக்கும். பிறகு சிறிது நேரம் சொட்டுவது இயல்பு. நூலாக ஒழுகினால் மருத்துவர் கிளம்பிவிடக் கூடாது. சேறில்லாத இடத்தில் விட்டு, கன்றைப் படுத்தே கிடக்கவிடாமல் நடக்க வையுங்கள். ஈக்கள் மிகும் மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

இரசாயன ஊசியால் விரையைச் சுருக்கும் முறையும் ஹார்மோனுக்கு எதிரான தடுப்பூசியும் உண்டு. முன்னதன் பலன் கன்றுக்குக் கன்று மாறும். பின்னதை மீண்டும் மீண்டும் போட வேண்டும்.

கன்றுக்கொட்டில்

அனைவருக்கும் நன்றி. பெரிய கன்றுகள் இரண்டையும் பிரித்துவிட்டோம். இன்று தடவிப் பார்த்ததில் ஒரு வாரத்துக் கன்று ஒன்றுக்கு ஒரு விரைதான் தட்டுப்படுகிறது. இருப்பதற்கு மட்டும் வளையம் போட்டுவிடலாமா?

மறுமொழி 4: கால்நடை மருத்துவன்

போட வேண்டாம். இருக்கும் ஒன்றை நீக்கிவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காயடித்த கன்றாகவே தெரியும். ஆனால் மறைந்திருக்கும் விரை ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டேயிருக்கும். உடற்சூட்டில் விந்தணு பெரும்பாலும் உருவாகாது என்றாலும், முட்டுவதும் தாவுவதும் நிற்காது. பின்னாளில் அறுவைக்கு வரும் மருத்துவருக்கும் எதைத் தேட வேண்டும் என்பது தெரியாமல் போகும்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். அதற்குள் இறங்கியிருந்தால் மரப்பு ஊசியுடன் மற்ற கன்றுகளைப் போலவே செய்துகொள்ளலாம். இறங்காவிட்டால் மருத்துவர் இரண்டையும் ஒரே அறுவையில் எடுத்துவிடுவார். இது பரம்பரையாக வரக்கூடிய குறை என்பதால் எக்காரணத்தாலும் அதைப் பொலிகாளையாக வைத்துக்கொள்ளாதீர்கள். காதுத் தோட்டின் எண்ணோடு, எந்தப் பக்கத்து விரை இறங்கவில்லை என்பதையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.